பதினைந்தாம் நம்பர் பின்

ஏகநாதனுக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஃபோர்மேன் துளசிராமன் சாக வேண்டும். நோயில் படுத்து, மனைவி மக்கள் சுற்றி நின்று வாயில் பால் ஊற்றச் சாவதெல்லாம் அவனுக்குப் போதாது. பெல்லாமி சாஃப்டின் கேஜுக்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேலே பின் முறிகிற சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டுவிட்டுச் சாக வேண்டும். அந்தச் சத்தத்துக்கும் தரை தொடுவதற்கும் நடுவில் கிடைக்கிற சில வினாடிகளில், தான் சொன்ன பொய்ச்சாட்சி துளசிராமனுக்கு ஞாபகம் வர வேண்டும். இதை ஏகநாதன் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷமாகச் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

பெல்லாமி சாஃப்டை இப்போது தேடிப் போனால் கிடைக்காது. கோலார் தங்க வயலின் பெரிய சுரங்கங்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருந்த சின்னச் சுரங்கம் அது. எல்லாச் சுரங்கத்திலும் போல அங்கேயும் சாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுவது கேஜ் என்கிற இரும்புக் கூண்டு. கேஜ் பக்கத்தில் மணி அடித்துச் சைகை கொடுத்ததும், இஞ்சின் ரூமில் இருக்கிற டிரைவர் நெம்புகோலைத் தள்ளினால் இறங்கும், இழுத்தால் ஏறும். கேஜையும் எஃகுக் கயிற்றையும் சேர்ப்பது ஒரு கொக்கி. அந்தக் கொக்கியின் காதுகளுக்குள் ஒரு சாண் நீளத்தில், ஆள் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு பின் போகும். ஷிப்டுக்கு ஷிப்ட் அத்தனை பேர் உயிரும் தொங்குவது அதில்தான்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதம், காலை ஷிப்டில், நெம்புகோல் ஏகநாதன் கையில் இருந்தது. பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். ஏகநாதன் ஓட்டினால் கேஜில் நிற்கிறவன் டீயே குடிக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது என்று பேர் எடுத்தவன். அன்று கேஜ் பாதி ஆழம் போயிருக்கும். கயிறு சட்டென்று லேசாகிவிட்டது. கயிறு சுற்றியிருக்கிற டிரம் தறிகெட்டுச் சுழன்றது. பிரேக்கைப் பிடித்தான். பிடித்து என்ன புண்ணியம், கயிற்றின் முனையில் ஒன்றும் இல்லை. கேஜில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பெருமாள், ஏகநாதனின் கூடப் பிறந்த தங்கை சௌந்தரத்தின் புருஷன்.

கயிற்றை மேலே இழுத்தபோது கொக்கியில் பின்னின் பாதி மட்டும் மாட்டிக்கொண்டு வந்தது. அதைக் கழற்றி எடுத்தவர் துளசிராமன். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் அவர்தான். பின்களைச் சுட்டு, சுத்தம் பண்ணி, பரீட்சை பார்த்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டிய ஆளும் அவரேதான். முறிந்த முகத்தை ஏகநாதன் ஒரு கணம் பார்த்தான். முக்கால் பாகம் கறுப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புது இரும்பு பளிச்சென்று மின்னியது. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை. துளசிராமன் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கேட்டபோது, தவறுதலாகப் பழைய இரும்போடு உலைக்குப் போய்விட்டது என்றார்.

விசாரணை வைத்தார்கள். பின்னில் குழி குழியாக இருந்ததாமே என்று ஒரு அதிகாரி எப்படியோ மோப்பம் பிடித்துக் கேட்டார். சாஃப்டில் ஒழுகுகிற உப்புத் தண்ணீர் பட்டால் எந்த இரும்பிலும் பொட்டுப் பொட்டாகக் குழி விழும், அது வெறும் மேல்தோல் சமாச்சாரம் என்றார் துளசிராமன். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

"என் மூஞ்சியிலகூடத்தான் குழி கீது சார். அதுக்கோசரம் நான் செத்தா போயிட்டேன்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்று பிணம் விழுந்த விஷயத்தில் சிரிப்பு வருகிறது பாருங்கள், அப்படி ஒரு சாமர்த்தியம். டிரைவர் கேஜை வெட்டி இழுத்தான், அந்த உலுக்கலில் நல்ல பின் முறிந்துவிட்டது என்று அறிக்கை எழுதினார்கள். ஏகநாதனை நாற்காலியிலிருந்து இறக்கினார்கள்.

அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். பத்தாம் நாள் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. புருஷனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடி போட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அந்தச் சேலையை எடுத்துத் தர வேண்டும். ஏகநாதன் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் வாங்கிய சேலையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போய் சௌந்தரத்தின் முன்னால் நின்றான். சௌந்தரம் சேலையைப் பார்க்கவில்லை. அதை ஏந்தியிருந்த கையைப் பார்த்தாள்.

"அந்தக் கை தொட்ட துணி எனக்கு வேணாம்" என்றாள்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து துளசிராமன் வந்தார். அவர் கையிலும் ஒரு சேலை இருந்தது. நானும் உனக்கு அண்ணன் மாதிரிதானம்மா என்று சொல்லி அதை அவள் தோளில் போட்டார். சௌந்தரம் அழுதபடி அதை வாங்கிக்கொண்டாள். கொன்றவன் கையிலிருந்து கோடி வாங்கிக்கொண்டாள். ஏகநாதன் தன் சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தான். அவன் மனைவி கங்கம்மா அதை அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அவனுக்கு மாற்று வேலை கொடுத்தார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? துளசிராமனுடைய ஒர்க்‌ஷாப்பிலேயே, எடுபிடியாக. கழற்றி வருகிற பின்களையும் கொக்கிகளையும் கிரசினில் ஊறவைத்து, எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். சௌந்தரத்துக்கும் அங்கேதான் வேலை, பெருக்குகிற வேலை. துளசிராமன் சிபாரிசு. அவள் அவரை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவாள். பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போய் வருவாள். ஏகநாதன் உட்கார்ந்திருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்ச இடத்தைப் பெருக்கிவிட்டுப் போவாள். வேலையை விட்டுத் தொலைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விடலாம் என்று கங்கம்மா எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். போனால் தங்கையைக் கண்ணால் பார்க்கிற ஒரே இடமும் இல்லாமல் போய்விடும். அதனால் அவன் போகவில்லை.

பெல்லாமி சாஃப்டில் கேஜ் பின்னை வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுவார்கள். சித்திரைக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை. கழற்றியது ஒர்க்‌ஷாப்புக்கு வரும், சுட்டு ஆறவைத்துத் தேய்த்து வைத்திருந்தது மேலே போகும். புதுசு வாங்க ஸ்டோருக்குச் சீட்டு எழுதுவது துளசிராமனுக்குப் பிடிக்காது. பழசை வைத்தே சமாளிக்கிற கெட்டிக்கார ஃபோர்மேன் என்று மேலிடத்தில் அவருக்கு நல்ல பேர். பளபளவென்று இருந்தால் போதும், உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார். அங்கே எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். பளபளப்பைப் பார்த்தால் பலம் என்று நினைத்துவிடுவார்கள்.

அறுபத்தேழாம் வருஷம் புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினைந்தாம் நம்பர் பின் ஏகநாதன் கைக்கு வந்தது. வரப்போகிற ஆயுத பூஜைக்கு மேலே போக வேண்டிய பின். முறிந்தது பதினாலு. இரண்டும் ஒரே நாளில் வந்து, ஒரே தண்ணீரில் மாறி மாறி நனைந்தவை. அன்று சாயங்காலம் சங்கு ஊதிவிட்டதால் பின்னைக் கிரசின் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். பழைய இஞ்சின் ஆயில் கலந்து கறுத்துப்போன கிரசின் அது. வெள்ளிக்கிழமை காலையில் எடுத்து, சாக்குத் துணியால் ஈரம் போகத் துடைத்து, மேஜை மேல் வைத்தான்.

வெள்ளிக்கிழமை என்றால் ஒர்க்‌ஷாப்பில் கடைசல் மெஷின், பட்டறைக்கல், வைஸ் எல்லாவற்றுக்கும் விபூதி பூசி ஊதுவத்தி காட்டுவார்கள். அன்று பூசினவன் மேஜை மேலிருந்த பின்னுக்கும் சேர்த்து மூன்று பட்டை இழுத்துவிட்டுப் போனான். ஏகநாதன் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான். வெள்ளைப் பட்டைகளுக்குக் குறுக்கே தலைமயிர் தடிமனில் ஒரு கறுப்புக் கோடு. ஒரு குழியில் ஆரம்பித்து, அடுத்த குழிக்குப் போய், அங்கிருந்து வளைந்து பின்னின் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. துடைத்தான். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. விபூதியை மறுபடி பூசினான். கொஞ்ச நேரத்தில் அதே கோடு, அதே வளைவு. ராத்திரி முழுக்க விரிசல் குடித்து வைத்திருந்த கறுப்பு எண்ணெயை விபூதி உறிஞ்சி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

ஏகநாதன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு கம்பியை ஒடிக்க வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? இப்படியும் அப்படியும் மடக்குகிறோம். முதல் மடக்கில் ஒடியாது. பத்தாவதில் ஒடியாது. இருபதாவது மடக்கில் ஒன்றுமே நடக்காதது போலக் கையோடு வந்துவிடும். இருபதாவது மடக்கா கம்பியை ஒடித்தது? கேஜ் ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் பின் கொஞ்சம் இழுபட்டுக் கொஞ்சம் தளர்கிறது. வழுவழுப்பான இரும்பாக இருந்தால் வருஷக்கணக்கில் தாங்கும். குழி விழுந்த இரும்பில் அத்தனை இழுப்பும் அந்தக் குழியின் அடியில் போய்க் குவிகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கிறது. பிறந்த விரிசல் தினம் ஒரு நூலளவு உள்ளே போகிறது. பதினாலாம் நம்பரின் முகத்தில் அந்த முக்கால் பாகக் கறுப்பு, மாதக்கணக்கில் திறந்து கிடந்து எண்ணெயும் துருவும் ஏறிய பழைய விரிசல். அன்று காலையில் முறிந்தது அந்த நகக்கண் அளவுதான். யார் ஓட்டினாலும் முறிந்திருக்கும். கடைசி மடக்கு அவன் கையில் விழுந்தது, அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வந்தது ஆத்திரம். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. மூன்று வருஷமாக அந்தக் குழிகளின் வாயை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து மூடிக்கொண்டிருந்ததும் இதே கைதான். துளசிராமன் கையெழுத்துப் போட வசதியாக.

மானேஜரிடம் போகலாமா என்று முதலில் யோசித்தான். மூன்று பேரைக் கொன்றவன் என்று எழுதி வைத்திருக்கிற ஆளின் பேச்சை யார் கேட்பார்கள்? இவன் ஆபீஸ் படி ஏறி இறங்குவதற்குள் பதினைந்தும் தவறுதலாக உலைக்குப் போய்விடும். ஆகவே வாயைத் திறக்காமல் பின்னைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். துளசிராமன் அதைக் கையில் உருட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் கட்டைவிரல் நின்றது. ஒரு கணம்தான். ரிஜிஸ்டரை இழுத்து, பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டைவிரல் நின்றதை ஏகநாதன் பார்த்துவிட்டான். தெரியாமல் செய்கிற ஆள் இல்லை இவர், தெரிந்தே செய்கிறார் என்பது அந்த ஒரு கணத்தில் அவனுக்கு உறுதியாகிவிட்டது.

பூஜைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஆயுத பூஜையன்று பெல்லாமி சாஃப்டில் ஒரு வழக்கம் உண்டு. கேஜை மேலேயே தாங்கிகளில் நிறுத்தி, பின்னைக் கழற்றிவிடுவார்கள். மாட்டப்போகிற பின்னை வாழை இலையில் வைத்துப் பூஜை பண்ணி, எல்லோர் முன்னிலையிலும் மாட்டுவார்கள். மாட்டியதும் முதல் கேஜில் ஃபோர்மேன் தனியாகக் கற்பூரத் தட்டோடு முதல் லெவலுக்கு, அதாவது சுரங்கத்தின் முதல் தளத்துக்கு, இறங்கி, அங்கே பூசணிக்காய் உடைத்துவிட்டு வருவார். அவர் கையெழுத்துப் போட்ட பின்னில் அவரே முதலில் தொங்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ எவனோ ஒரு நியாயஸ்தன் ஏற்படுத்திய வழக்கம். ஏகநாதன் ஒன்றுமே செய்ய வேண்டாம். மாட்டுவது எடுபிடியின் வேலை. பின்னை மாட்டிவிட்டுச் சும்மா நின்றால் போதும்.

இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே மிதந்தான். மூன்றாம் நாள், இப்போதைய டிரைவர் கோவிந்தன் சைக்கிளில் எதிரே வந்து, நல்லாகீறியாண்ணா என்று கேட்டுவிட்டுப் போனான். இருபத்தாறு வயது. கல்யாணமாகி நாலு மாசம். ஏகநாதனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பின் முறிந்தால் நெம்புகோல் இவன் கையில் இருக்கும். பழி எப்போதும் கடைசியாகத் தொட்ட கையின் மேல்தான் விழும். அது மட்டும் இல்லை. விரிசல் விட்ட பின் எத்தனையாவது இழுப்பில் போகும் என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. துளசிராமன் பத்திரமாக இறங்கி ஏறிவிட்டு, மறுநாள் ஷிப்டில் வேறு யாருடைய புருஷனாவது போகலாம்.

அப்படியானால் ஊரே விரிசலைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அவர் ஏறட்டும். முறிந்தால் கோவிந்தன் மேல் பழி வராது. ஏறாவிட்டால், ஏன் ஏறவில்லை என்பதை அவரே வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிப் போனாலும் தப்ப முடியாது. இதை யோசித்து முடித்த அன்று ஏகநாதன் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டான். கங்கம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பூஜைக்கு முந்தின நாள் பின்னைக் கறுப்புக் கிரசினில் போட்டான். காலையில் எடுத்து, துணி துணியாக மாற்றி, கை வைத்தால் ஒட்டாத அளவுக்குத் துடைத்தான். பின் கல்யாண மாப்பிள்ளை கணக்காகப் பளபளத்தது.

சாஃப்ட் முகப்பில் நல்ல கூட்டம். ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கேஜுக்கு மாவிலைத் தோரணம், சக்கரங்களுக்குச் சாமந்தி மாலை. மானேஜர் மைசூர்க்காரர், இஞ்சினியர் படிப்பு படித்தவர், புதுசாக மாற்றலாகி வந்திருந்தார். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. சௌந்தரம் ஒரு பெரிய தட்டில் பொரி கடலையை வைத்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றாள். துளசிராமன் பட்டுக்கரை வேட்டியில் வந்தார். வாழை இலையில் இருந்த பின்னுக்குத் தன் கையாலேயே மூன்று பட்டை விபூதி பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். பிறகு கேஜுக்கு, கயிற்றுக்கு, மணிக்கு என்று ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டு போனார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஏகநாதன் இலையோடு பின்னைத் தூக்கினான். கேஜ் பக்கம் போக வேண்டியவன், துளசிராமனுக்கும் மானேஜருக்கும் நடுவில் போய் நின்றான்.

"பின்னப் பாருங்க சார்" என்றான்.

விபூதியைக் கிழித்துக்கொண்டு கறுப்புக் கோடு வளைந்து கிடந்தது. துளசிராமனின் கை தானாகத் தோளிலிருந்த துண்டுக்குப் போயிற்று. கை அழுக்கு பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அழுத்தித் துடைத்தார். பின் மறுபடி பளபளத்தது. ஏகநாதன் விபூதித் தட்டை மானேஜர் பக்கம் நீட்டினான்.

"இப்ப நீங்க பூசுங்க சார். உங்க கை சுத்தமா கீது."

மானேஜருக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் மனிதருக்கு இரும்பு தெரியும். எழுந்து வந்து ஒரு பட்டை பூசிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் போயிருக்கும். முதலில் குழியில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பிறகு அதிலிருந்து கோடு நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களிடம் என்ன என்ன என்று கேட்டார்கள். விரிசல் என்ற சொல் கூட்டத்தின் கடைசி வரைக்கும் போயிற்று.

ஏகநாதன் கத்தவில்லை. பதினாலும் பதினைந்தும் ஒரே நாள் வந்ததையும், பதினாலின் முறிந்த முகம் முக்கால்வாசி கறுப்பாக இருந்ததையும், அது எப்படி உலைக்குப் போயிற்று என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். மானேஜர் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். பதினைந்து, பழுதில்லை, கையெழுத்து. எல்லாம் இருந்தது. அப்புறம் ஏகநாதன் துளசிராமன் பக்கம் திரும்பினான்.

"விசாரணையில இன்னா சொன்னீங்க? குழியெல்லாம் அம்மத் தழும்பு, அதால யாரும் சாவ மாட்டாங்கன்னு சொன்னீங்க. இதோ பின்ன மாட்டுறேன். மொதல் கேஜு உங்களுது. ஏறுங்க."

சொன்னபடியே கொக்கியின் காதுகளுக்குள் பின்னைச் செருகினான். கேஜ் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். இஞ்சின் ரூம் ஜன்னலில் கோவிந்தனின் தலை தெரிந்தது. துளசிராமன் கேஜைப் பார்த்தார், மேலே கொக்கியைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. குழிகள் மட்டும் தனியாகத் தெரிந்தன. ஏகநாதனுக்குத் தித்திப்பாக இருந்தது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் மூன்று வருஷம் உயிரோடு இருந்தேன் என்று நினைத்தான்.

"வேற பின்னு கொண்டாங்க. இத மாத்தணும்" என்றார் துளசிராமன்.

"எதுக்கு மாத்தணும்?" என்றான் ஏகநாதன்.

அப்போது தூண் பக்கமிருந்து பொரித் தட்டு தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. சௌந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஏகநாதனை அவள் பார்க்கவில்லை. நேரே துளசிராமன் முன்னால் போய் நின்றாள்.

"ஏறுங்க அண்ணா" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, தினமும் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே. "இன்னா யோசன பண்றீங்க? உங்க மச்சான் ஏறுனாரு இல்ல. அவரு யாரையாச்சும் கேட்டுக்கினா ஏறுனாரு? ஏறுங்க அண்ணா."

துளசிராமன் ஒரு அடி பின்னால் வைத்தார். கால் தள்ளுவண்டியில் இடித்து அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பட்டுக்கரை வேட்டியில் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"ஒரு ஆறு மாசம் தாங்கும்னு நெனச்சேம்மா" என்றார். "பதினால அன்னிக்குக்கூட, அடுத்த தடவ மாத்திடலாம்னுதான் இருந்தேன்."

அவர் சொன்னதை மானேஜர் கேட்டார். கோவிந்தன் ஜன்னலிலிருந்து கேட்டான். செத்துப்போன மற்ற இரண்டு பேருடைய வீட்டார் கேட்டார்கள். அதில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு போக, நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மானேஜர் பின்னைக் கழற்றச் சொல்லி, தன் கைக்குட்டையில் சுற்றி, ரிஜிஸ்டரோடு தன் ஜீப்பில் வைத்துப் பூட்டினார். அன்று கேஜ் ஓடவில்லை. துளசிராமனை அன்றைக்கே சஸ்பெண்ட் பண்ணினார்கள். பழைய விசாரணையைத் திரும்பத் திறந்து, டிரைவர் மேல் குற்றம் இல்லை என்று எழுதி முடிக்கத் தை மாதம் ஆயிற்று. அந்தக் காகிதத்தை ஏகநாதன் ஒரு தடவைதான் படித்தான்.

சௌந்தரம் அன்று வேலை முடிகிற வரைக்கும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய், துளசிராமன் போட்ட கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு அவர் பங்களா வாசலுக்குப் போனாளாம். இரும்புக் கேட்டின் கம்பியில் அதை இறுக்கி முடிந்துவிட்டு வந்துவிட்டாளாம். பார்த்தவர்கள் சொன்னது.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் ஏகநாதன் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசல்படி ஏறுகிறாள். கங்கம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவரு ஏறியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

பொய் சொல்லியிருக்கலாம். நிறுத்தியிருப்பேன், சும்மா மிரட்டத்தான் செய்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கங்கம்மா அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள்.

"மணி அடிச்சி அனுப்பியிருப்பேன்" என்றான் ஏகநாதன்.

சௌந்தரம் தலையை ஆட்டினாள். "கதவ நான் சாத்தியிருப்பேன்" என்றாள்.

கங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆத்திரம் தீர்ந்த இடத்தில் பெருமாள் இல்லாதது மட்டும் அப்படியே இருந்தது. சௌந்தரத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அந்தச் சேலை இன்னும் கீதா என்று கேட்டாள்.

ஏகநாதன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து எடுத்தான். கடைக்காரன் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. தட்டு தேட அவனுக்குத் தோன்றவில்லை, இரண்டு கையிலும் வைத்து நீட்டினான். நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு, விரல் இடுக்கில் காலையில் பட்ட விபூதி. சௌந்தரம் அன்றைக்குப் போலவே முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தாள். பிறகு சேலையோடு சேர்த்து அதைப் பிடித்துக்கொண்டாள்.